சுண்ணாம்பு வளையம்

கால் ஒடிந்தது என்னவோ கைப்பிடிக்காரருக்குத்தான். நொண்டிப் போனது வீடு முழுவதும்.

மண்வெட்டி, கோடாலி, சுத்தியல், களைக்கொத்து என்று மரப்பிடி போட்ட எந்தச் சாமானைத் தூக்கினாலும் அந்த ஊரில் அது அவர் இழைத்ததாகத்தான் இருக்கும். பரணில் காய்ந்துகொண்டிருந்த குச்சிகளைப் புரட்டிப் போட ஏணியில் ஏறியவர், மேல்படியில் கால் வழுக்கிக் கீழே வந்தார். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. மாவுக்கட்டுப் போட்ட டாக்டர், "ரெண்டு மாசம் அசையக் கூடாது" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் மனைவி மனதுக்குள் வேறொரு கணக்குப் போட்டாள். காட்டில் மொட்டு வெடிக்க இன்னும் இருபது நாள்கூட இல்லை.

ஊருக்குப் பின்னால் இருக்கும் காடு எல்லோருக்கும் பொது. விழுந்து கிடக்கும் சுள்ளி, மழை விட்டதும் முளைக்கும் காளான், புதரில் பழுக்கும் பழம் எல்லாம் கூடை எடுத்துப் போகிறவர்களுக்கு. ரொட்டிக்கடை அடுப்பு எரிவதும், குளிர் நாட்களில் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கணப்பில் கை காய்வதும் அந்தக் காட்டின் தயவில்தான். ஆனால் நிற்கிற மரத்தில் கத்தி வைக்க மட்டும் முறை உண்டு. வீட்டுக்கு ஒரு பங்கு இடம், அதுவும் எட்டு வருடத்துக்கு ஒருமுறை. கணுக்கால் உயரத்தில், மழைத்தண்ணீர் தேங்காதபடி சாய்வாக வெட்டினால் அடிக்கட்டை சாகாது. ஒரு மழைக்குப் பத்துப் பன்னிரண்டு கிளை வீசும். எட்டு வருடத்தில் அவை மணிக்கட்டுப் பருமனில் நூல் பிடித்தமாதிரி நிமிர்ந்து நிற்கும். கைப்பிடிக்கு அதைவிட நல்ல குச்சி கிடையாது. மொட்டு வெடித்த பிறகு கத்தி வைத்தால் சாறெல்லாம் வடிந்து கட்டையே செத்துப்போகும். அதனால் அதற்குள் வெட்டி முடிக்காத வீட்டின் பங்கு, வரிசையில் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். இந்த வருடம் முறை கைப்பிடிக்காரர் வீட்டுக்கு. அடுத்த முறை தேன்பெட்டிக்காரிக்கு.

"எட்டு வருஷம் காத்திருந்தாச்சு. இப்ப விட்டா இன்னும் எட்டு வருஷம். அதுவரைக்கும் எதை இழைப்பீங்க, என் தலையையா?" என்றாள் மனைவி.

"உன் தலை உருண்டை. பிடிக்கு ஆகாது" என்றார் அவர், கட்டிலில் படுத்தபடியே. பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "அதான் தங்கச்சி இருக்காளே. ரெண்டு பேருமாப் போங்க. அவ கோடாலி பிடிச்சா ஆம்பளைங்க ஒதுங்கி நிப்பாங்க" என்றார்.

தங்கச்சி இருந்தாள்தான். மூன்று வாரமாக இருந்தாள். அவளுக்கு ஊரில் 'ரேடியோ' என்று பெயர். காலையில் கண் விழிக்கும்போது ஆரம்பித்தால், தூக்கம் வந்து வாயை மூடும்வரை நிற்காது. ஓடைக்கு அக்கரையில், கரி சுடுகிற ஊரில் கட்டிக் கொடுத்து ஆறு வருடமாகிறது. புருஷன் பேசாமடந்தை. வெற்றிலை போடாமலே வாய்க்குள் எதையோ அடக்கி வைத்திருப்பதுபோல் இருப்பார். சூளை மூட்டினால் நாலு நாள் இரவு பகலாக அதன் பக்கத்திலேயே கிடக்க வேண்டும். கொஞ்சம் கண் அசந்தாலும் மண் பூச்சில் எங்காவது வாய் திறந்து, தீப்பற்றி, மொத்த மரமும் சாம்பலாகிவிடும். "சூளையா நானா, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க" என்று ரேடியோ ஒருநாள் கேட்டிருக்கிறாள். அவர் எழுந்து சூளையைப் பார்க்கப் போய்விட்டார். இவள் பையைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்துவிட்டாள்.

ரேடியோ கூப்பிட்டுக் கூப்பிட்டு, கைப்பிடிக்காரர் மனைவிக்குத் தெருவில் எல்லோரிடமும் 'அண்ணி' என்றே பெயர் நிலைத்திருந்தது. அண்ணி பிறந்தது டவுனில். கல்யாணமாகி வந்த புதிதில் எந்த மரம் எது என்று தெரியாமல் முழித்ததை இந்தத் தெரு இன்னும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு பதினொரு வருடம் இந்தக் காட்டிலேயே கிடந்து எல்லாம் கற்றுக்கொண்டதைத் தெரு கவனித்ததாகத் தெரியவில்லை.

முதல் நாள் காட்டுக்குள் நுழையும்போதே அண்ணி சொன்னாள்: "இங்க பாரும்மா, சாய்வா வெட்டணும். அப்புறம், தாய்மரம் எதுன்னா..."

"அண்ணி, நான் இந்தக் காட்டுலதான் பல்லு முளைச்சேன். நீங்க எனக்குத் தாய்மரம் காட்டுறீங்களா? மீனுக்கு நீச்சல் சொல்லித் தர்ற மாதிரி இருக்கு" என்று ரேடியோ சிரித்தாள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லாத சிரிப்புத்தான். ஆனாலும் அண்ணிக்கு அது முள் மாதிரி தைத்துவிட்டது. பேச வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

வேலை மட்டும் குறையில்லாமல் நடந்தது. விடிந்ததும் பனி கால் விரலைக் கவ்வும். இருவரும் பழைய கம்பளிச் சட்டை, கைப்பிடிக்காரருடைய பெரிய பூட்ஸ் என்று கோமாளிகள் மாதிரி கிளம்புவார்கள். ரேடியோ வெட்டுவாள். அண்ணி நுனிக்கிளைகளைக் கழித்து, பருமன் வாரியாகப் பிரித்து, இருபது இருபதாகக் கட்டுவாள். மண்வெட்டிக்கு ஒரு கட்டு, கோடாலிக்கு ஒரு கட்டு, சுத்தியலுக்கு மெல்லியது. வளைந்ததெல்லாம் வேலிக்கு. கழித்த சுள்ளிகளை ரொட்டிக்கடைக்காரர் தன் தள்ளுவண்டியில் ஏற்றிப் போவார், பதிலுக்கு இரண்டு ரொட்டி வைத்துவிட்டு. மத்தியானம் அந்த ரொட்டியும் அவித்த உருளைக்கிழங்கும் வெங்காயமும்.

"அவர் இந்நேரம் என்ன சாப்பிடுறாரோ" என்றாள் ரேடியோ ஒருநாள், ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே.

"யாரு?"

"யாருமில்ல."

"போய்ப் பாத்துட்டு வாயேன். ரெண்டு நாள் நான் சமாளிக்கிறேன்."

"எதுக்கு? போய் நின்னா, 'வந்துட்டியா'ன்னுகூடக் கேக்க மாட்டார். அடுப்பு ஊதப் போயிடுவேன். அவ்வளவுதான். ஓடைப் பாலமும் உளுத்துப் போச்சு, பெரிய ரோட்டைச் சுத்திப் போனா அரை நாள். அரை நாள் நடந்து போய் சுவத்தோட பேசணுமா?" பிறகு எதையோ தட்டிவிடுகிறவள்போல மடியில் கிடந்த ரொட்டித் துணுக்குகளை உதறினாள். "நீங்க மட்டும் என்ன, டவுன்காரங்க. கட்டுற கட்டைப் பாருங்க, தலைக்கு ரிப்பன் கட்டுன மாதிரி."

அன்று அண்ணிக்கு அது விளையாட்டாகப் படவில்லை. காலையிலிருந்து இடுப்பு வலி. முந்தின நாள் கட்டியதில் பாதியை ரேடியோ அவிழ்த்து மறுபடி கட்டியதையும் பார்த்திருந்தாள். "அப்ப நீயே கட்டிக்கோ" என்று சொல்லிவிட்டு, தன் கட்டுகளோடு பங்கின் ஓரத்துக்குப் போய் முதுகைத் திருப்பி உட்கார்ந்துகொண்டாள்.

கொஞ்ச நேரம் குச்சிகள் விழும் சத்தம் வந்தது. சட், சட் என்று. பிறகு சத்தம் மாறியது. கனமாக, நிதானமாக, ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு மூச்சு விட்டு விழுகிற வெட்டு. மணிக்கட்டுப் பருமனுக்கு அப்படி வெட்ட வேண்டியதில்லை என்று அண்ணியின் காதுக்குத் தெரிந்தது. எழுந்து போய்ப் பார்க்கலாம் என்று ஒருகணம் தோன்றியது. 'அவதான் இந்தக் காட்டுல பல்லு முளைச்சவளாச்சே' என்று நினைத்துக்கொண்டு முடிச்சை இறுக்கினாள். ஒரு மரம் முனகிச் சாய்ந்தது. மறுபடி அதே வெட்டு. இரண்டாவது மரம் சாய்ந்தபோது தரையின் அதிர்வு அவள் உட்கார்ந்திருந்த இடம்வரை வந்தது. அப்போதுதான் ஓடினாள்.

பால் கேன் பருமனுள்ள இரண்டு மரங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. இரண்டின் இடுப்பிலும் வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பு வளையம்.

ரேடியோ நெற்றி வேர்வையைத் துடைத்தாள். "வளையம் போட்டு வச்சிருந்தீங்களே, அதான் அதையும் முடிச்சிட்டேன். என்ன அண்ணி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?"

"இது தாய்மரம்."

"தாய்மரத்துக்குத் துணிதானே கட்டுவோம். சிவப்புத் துணி."

"துணி மக்கி மக்கி விழுதுன்னு நாலு வருஷமா சுண்ணாம்பு அடிக்கிறாங்க. நீ போன பிறகு வந்த பழக்கம்."

ரேடியோவின் கையிலிருந்த கோடாலி மெதுவாகக் கீழே இறங்கியது. "எங்க ஊர்ல வளையம் போட்டா வெட்டணும்னு அர்த்தம்" என்றாள். அதற்குப் பிறகு அன்று முழுவதும் அவள் வாய் திறக்கவில்லை.

காட்டில் தாய்மரம் என்பது விதைக்காகவும் பூவுக்காகவும் விட்டுவைப்பது. கட்டைகள் எத்தனை முறை துளிர்த்தாலும் ஒருநாள் கிழடாகும். அப்போது புதுக் கன்று வேண்டுமே. அதனால் பங்குக்கு ஏழெட்டு மரத்தை ஒருவரும் தொடக் கூடாது. தொட்டால் அந்த வருடப் பங்கு போச்சு.

அன்று இரவு கைப்பிடிக்காரர் கட்டிலில் படுத்தபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். தங்கை சுவரோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"சருகைப் போட்டு மூடிட்டா யாருக்குத் தெரியப் போகுது?" என்றாள் அண்ணி. சொல்லும்போதே அவளுக்குத் தன் குரல் பிடிக்கவில்லை.

"காட்டுக்குத் தெரியும். காவல்காரருக்கு நாளைக்குத் தெரியும்" என்றார் அவர். "நாமளே சொல்லிடுவோம். ஏய் ரேடியோ, எதாவது பேசு. நீ பேசாம இருந்தா எனக்கு இன்னொரு காலும் வலிக்குது."

அவள் முழங்காலை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

காட்டில் நடந்த தப்பைக் காட்டிலேயே, வெட்டின கட்டைக்குப் பக்கத்தில் நின்று விசாரிப்பதுதான் அங்கே வழக்கம். மறுநாள் காலை வெயில் ஏறியதும் முப்பது பேர் கூடிவிட்டார்கள். கைப்பிடிக்காரரை ரொட்டிக்கடைக்காரர் தள்ளுவண்டியில் உட்காரவைத்து, மாவுக்கட்டுக் காலை முன்னால் நீட்டியபடி கொண்டுவந்தார். "ஒதுங்குங்க, ரொட்டி சூடா வருது" என்று அவர் குரல் கொடுத்ததற்கு வழக்கமாகச் சிரிக்கிறவர்கள்கூட அன்று சிரிக்கவில்லை.

ஊர் கூடித் தேர்ந்தெடுத்த காவல்காரர் நேர்மையான மனிதர், அதனாலேயே யாருக்கும் அவர் விருந்தாளியாக வருவது பிடிக்காது. இரண்டு கட்டைகளையும் சுற்றி வந்தார். "யார் வெட்டினது?"

"நான்தான் அண்ணே" என்றாள் ரேடியோ. நடந்ததைச் சொன்னாள். மூன்றே வாக்கியம். அவள் வாழ்க்கையில் அவ்வளவு சுருக்கமாக எதையும் சொன்னதில்லை.

"இங்க பொறந்த பொண்ணு, வளையம் புரியலைன்னா யார் நம்புவாங்க?" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்.

தேன்பெட்டிக்காரி விழுந்து கிடந்த கிளைகளைத் தடவிக்கொண்டிருந்தாள். ஐம்பது வயது, ஒண்டிக்கட்டை. காட்டுக்குள் இருபது தேனீப் பெட்டி வைத்திருந்தாள். பங்கு பறிபோனால் அது அவளுக்குத்தான் போகும். ஆனால் அவள் முகத்தில் அதற்கான களை எதுவும் இல்லை. "இன்னும் பத்து நாள்ல பூத்திருக்கும்" என்றாள் தனக்குள்ளேயே. "ரெண்டு பெட்டிக்கு ஆகிற பூ."

அண்ணி ஓரடி முன்னால் வந்தாள். யாரும் அவளை எதுவும் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டார்கள்.

"நானும் ஒண்ணு சொல்லணும்" என்றாள். "அவளுக்கு வளையம் தெரியாதுன்னு எனக்குத் தெரியும். முதல் நாளே சொல்ல வந்தேன், கேலி பண்ணா, விட்டுட்டேன். நேத்து பெரிய மரத்துல வெட்டு விழுற சத்தமும் கேட்டுச்சு. கோவத்துல எழுந்து போகல. முதல் மரத்துக்கே போயிருந்தா ரெண்டாவது நின்னிருக்கும்."

ரேடியோ தலையைத் திருப்பி அண்ணியைப் பார்த்தாள். கைப்பிடிக்காரர் தள்ளுவண்டியில் அசைந்து உட்கார்ந்தார்.

"அப்ப வீட்டு மேல தப்பு ரெண்டாச்சு" என்றார் காவல்காரர், கொஞ்சம் சங்கடத்தோடு. "எனக்கு மட்டும் ஆசையா? விதின்னு ஒண்ணு இருக்குல்ல. இன்னிக்கு இவங்களுக்கு விட்டா நாளைக்கு..."

அவர் முடிப்பதற்குள் கூட்டம் பின்னால் விலகியது. தலையிலிருந்து கால்வரை கரி படிந்த ஒரு ஆள் மூச்சு வாங்க நின்றிருந்தார். கண் இரண்டும் பல்லும் மட்டும்தான் வெள்ளை.

"வாங்க மாப்பிள்ளை" என்றார் கைப்பிடிக்காரர், வண்டியிலிருந்து எழப்போய் மறுபடி உட்கார்ந்தபடி.

கரிக்காரர் எல்லோரையும் பார்த்தார். விழுந்த மரத்தைப் பார்த்தார். வளையத்தைத் தொட்டுப் பார்த்தார். வீட்டுக்குப் போய்விட்டு ஆளில்லாததால் இங்கே வந்திருக்கிறார் போலும். நடந்ததை அண்ணி இரண்டு வார்த்தையில் சொன்னாள்.

"இவ சொல்றது நிஜமா? உங்க ஊர்ல வளையம்னா வெட்டுறதா?" என்று காவல்காரர் கேட்டார்.

கரிக்காரர் தொண்டையைச் செருமினார். "ஆமா. நான்தான் வளையம் போடுவேன். இவ வெட்டுவா. ஆறு வருஷமா அப்படித்தான்." கொஞ்சம் நிறுத்தினார். "ஒருநாளும் ஏன்னு கேட்டதில்ல. நான் வளையம் போட்டா சரியாத்தான் இருக்கும்னு நம்பி வெட்டுவா. கை அந்தப் பழக்கத்துல போயிருக்கும்."

அவர் இத்தனை வார்த்தையை ஒரே மூச்சில் பேசி அங்கிருந்த யாரும் கேட்டதில்லை. ரேடியோ சுள்ளி ஒன்றைப் பிட்டுப் பிட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"சூளை மூட்டலையா?" என்றாள் நிமிராமலே.

"மூட்டினேன். ரெண்டு நாள் ஆச்சு."

"யார் பாத்துக்கிறா?"

"யாருமில்ல. மண்ணைப் போட்டு அமத்திட்டு வந்துட்டேன்."

"பாதியிலயா? மொத்தமும் வீணாப் போகுமே."

"போகட்டும்."

சுள்ளி அவள் கையிலிருந்து நழுவியது. யாரோ கனைத்தார்கள். ரொட்டிக்கடைக்காரர் வேறெங்கோ பார்ப்பதுபோல் வண்டிச் சக்கரத்தைப் பார்த்தார்.

அந்த நேரத்தில் தேன்பெட்டிக்காரி அடிக்கட்டைக்குப் பக்கத்தில் மண்டிபோட்டு உட்கார்ந்து, காய்ந்த சருகைக் கையால் வாரி ஒதுக்கிக்கொண்டிருந்தாள். "எல்லாரும் இவங்க மூஞ்சியையே பாக்காதீங்க. இங்க வந்து பாருங்க" என்றாள்.

சருகுக்கு அடியில், விரல் நீளத்தில், இரண்டிரண்டு இலையோடு கன்றுகள். ஒன்றல்ல, பத்தல்ல. வாரிய இடமெல்லாம் நின்றன. தாய்மரத்தின் நிழலில் வெளிச்சம் கிடைக்காமல் வருடக்கணக்காக அப்படியே குன்றி நின்றவை.

"இப்பத்தான் இதுங்களுக்கு வெயில் விழுது" என்றாள் தேன்பெட்டிக்காரி. "ஆடும் மானும் வாய் வைக்காம மூணு வருஷம் காத்தா என் தலைக்கு மேல நிக்கும். காக்காட்டி மொட்டைத் திடல்தான். வேலி கட்டணும், அது யார் கட்டுறதுன்னு பேசுங்க."

"பங்கு உனக்கு வருதுக்கா. நீதான் கட்டணும்" என்றார் ஒருவர்.

"எனக்கு எதுக்குய்யா குச்சி? தேனீயை அடிக்கவா? எனக்கு வேண்டியது பூ. இவங்க வீட்டுக் குச்சி, இவங்க வெட்டின இடம். இவங்களே வேலி கட்டட்டும், மூணு வருஷம் காவலும் இருக்கட்டும். பங்கு அவங்ககிட்டயே இருக்கட்டும். ஒரு கன்னு செத்தாலும் நான் வந்து கேப்பேன்."

காவல்காரர் தாடையைச் சொறிந்தார். முன்னால் நடக்காத ஒன்றுக்குத் தலையாட்ட அவருக்கு எப்போதுமே தயக்கம். "அப்ப இந்த ரெண்டு மரம்? அது இவங்க எடுத்துக்க முடியாது. பொதுவுக்குத்தான்."

"ஓடைப் பாலம்தான் உளுத்துக் கிடக்கே" என்றார் கைப்பிடிக்காரர். "ரெண்டு மரமும் நீளத்துக்குச் சரியா இருக்கும். உக்காந்தபடியே நான் செதுக்கித் தர்றேன்."

"போடுங்க போடுங்க" என்றாள் தேன்பெட்டிக்காரி எழுந்துகொண்டே. "இவ அடுத்த தடவை கோச்சுக்கிட்டு வர்றப்பவாவது சுத்தாம வருவா."

அதற்கு முதலில் சிரித்தது காவல்காரர். அவர் சிரித்ததைப் பார்த்துத்தான் மற்றவர்களுக்குத் தீர்ப்பு முடிந்துவிட்டது என்று புரிந்தது.

மொட்டு வெடிக்க ஆறு நாள் இருந்தது. கரிக்காரர் ஊருக்குத் திரும்பவில்லை. அணைந்த சூளை எங்கும் ஓடிவிடாது என்றார். அவரும் ரேடியோவும் வெட்ட, அண்ணி பிரித்துக் கட்ட, ஐந்தாம் நாள் பொழுது சாய்வதற்குள் பங்கு முடிந்தது. நல்ல குச்சிகளில் ஒரு பகுதி வேலிக்குப் போனாலும், எட்டு வருடத்துக்கான பிடிகள் கொட்டகையில் கட்டுக் கட்டாக ஏறின. மிச்சமிருந்த தாய்மரங்களில் வளையத்துக்கு மேலே ரேடியோ தன் பழைய பாவாடையைக் கிழித்துச் சிவப்புத் துணியும் கட்டினாள். "ரெண்டும் இருக்கட்டும். எந்த ஊர்க்காரி வந்தாலும் ஒண்ணாவது புரியும்."

ஆறாம் நாள் காலை அண்ணி ஓரத்தில் உட்கார்ந்து வளைந்த குச்சிகளைச் சீவிக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து ரேடியோவின் பேச்சு நிற்காமல் கேட்டது. எப்போதாவது ஒரு "ம்" கேட்டது. சற்று நேரத்தில் பேச்சு நின்றது. கனமான அடி ஒன்று விழுந்தது. மூச்சு விட்டு இன்னொன்று.

அண்ணி கத்தியைப் போட்டுவிட்டு ஓடினாள். பெரிய பூட்ஸ் சருகில் இழுபட, கம்பளிச் சட்டை முள்ளில் மாட்டிக் கிழிய, அந்த இரண்டு கட்டைகள் இருந்த இடத்துக்கு மூச்சிரைக்க வந்து நின்றாள்.

கரிக்காரர் மரச் சுத்தியலால் வேலிக்கு முளை அடித்துக்கொண்டிருந்தார். ரேடியோ வாயில் கயிற்றைக் கவ்விக்கொண்டு முளையைப் பிடித்திருந்தாள்.

"என்ன அண்ணி, நாய் துரத்துச்சா?" என்றாள் கயிற்றை எடுத்துவிட்டு.

"சத்தம் கேட்டுச்சு."

ரேடியோ அவளைப் பார்த்தாள். கிழிந்த சட்டையைப் பார்த்தாள். கேலியாக ஏதோ சொல்ல வாயெடுத்தவள், அதை விட்டுவிட்டு, தன் பக்கத்தில் இடம் விட்டு நகர்ந்துகொண்டாள்.

"வாங்க, அந்தப் பக்கம் பிடிங்க. இவர் அடிக்கிற அடியில முளை கோணலாப் போகுது. அப்படியே கட்டும் நீங்களே போட்டுடுங்க. உங்க ரிப்பன் முடிச்சுதான் அவிழவே மாட்டேங்குது."

அண்ணி முளையைப் பிடித்தாள். அவள் காலடியில், சருகு விலகிய இடத்தில், ஒரு கன்று மூன்றாவது இலையை விரித்திருந்தது.